‘ஸ்’ உதிரும் ஊர்கள்: ஸ்பெயினில் பதினோரு நாள்

ஆறு வருஷமாகச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஸ்பானிய மொழி வாடிக்கையாளர்களின் போன் அழைப்புகளை எடுக்கிறேன். மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலே என்று தினமும் அறுபது எழுபது குரல்கள். எனக்கு இந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவர் கொலம்பியாவின் பொகோட்டாக்காரர். கடைசி எழுத்துவரை விழுங்காமல் பேசுவார். அதனால் பொகோட்டா உச்சரிப்புதான் சரியான ஸ்பானியம் என்று என் காது பழகிவிட்டது. ஸ்பெயின் போகிறேன் என்றதும் அவரே சொன்னார்: “வடக்கே வயாதோலித்தில் பேசுவதைக் கேளுங்கள், நன்றாக இருக்கும். தெற்கே போனால் கஷ்டப்படுவீர்கள்.” ஜெர்மனியில் இருக்கும் அக்கா கூட வந்தாள். அவளுக்கு ஸ்பானியத்தில் ஒரு சொல் தெரியாது. ஒவ்வொரு ஊரிலும் இரவு படுக்கும் முன் எழுதியதைத்தான் இங்கே போடுகிறேன்.

செப்டம்பர் 12, வியாழன் – மாட்ரிட்

பிளாசா மயோர் சதுக்கத்தை ஒட்டிய சந்துகளில் கணவாய் வறுவலை ரொட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். வெங்காயம் கிடையாது, சாஸ் கிடையாது. நீளமான ரொட்டி, அதற்குள் சூடாக வளையம் வளையமாகக் கணவாய், அவ்வளவுதான். 5 யூரோ. நம் காசுக்கு அன்று சுமார் 460 ரூபாய். பசியில் அமிர்தமாக இருந்தது.

ஆனால் அந்தக் கடையில் முதலில் வாங்கியது ஓர் அதட்டல். கவுன்டருக்குப் போய் நின்றதும் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “தீமே!” என்றார். ‘சொல்லு’ என்று அர்த்தம். சொல்லுங்கள் இல்லை, சொல்லு. கொலம்பியாவில் கடைக்குள் நுழைந்தால் “அ லா ஓர்தென்” என்பார்களாம். உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன் என்பது போல. என் ஆசிரியை ஆறு வருஷத்தில் ஒரு நாளும் என்னை ஒருமையில் அழைத்ததில்லை, நானும் அவரை அழைத்ததில்லை. அதைக் கேட்டு வளர்ந்த காதில் இந்தத் “தீமே” சுருக்கென்று தைத்தது.

அக்கா என் கையைப் பிடித்து, “ஏட்டி, இவனுவ என்ன சண்டையா போடுகானுவ?” என்று கேட்டாள். சண்டை இல்லை. பக்கத்தில் நின்ற கோட்டு சூட்டுப் பெரியவருக்கும் அதே “தீமே”தான். அவரும் அதே வேகத்தில் பதில் சொன்னார். நாங்கள் கேட்காமலே ஒரு கிண்ணம் ஆலிவ் காய் எங்கள் பக்கம் தள்ளிவிடப்பட்டது. மரியாதையை இவர்கள் வினைச்சொல்லில் வைப்பதில்லை என்று மெல்லப் புரிந்தது.

இந்த ஊர்ப் பேச்சில் இரண்டு விஷயம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒன்று, ‘நன்றி’ என்ற சொல். நான் ‘கிராசியாஸ்’ என்பேன். இவர்கள் நடுவில் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை ஊதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்னும்போது வரும் அந்தக் காற்றுத் ‘த’. கிராத்யாஸ். அக்கா பத்து நிமிஷத்தில் அதைப் பிடித்துவிட்டாள். இன்னொன்று, வாய்க்கு வாய் வரும் ‘எஸ் கே’. நம்முடைய ‘என்ன விஷயம்னா’ போல. அதை மாட்ரிட்காரர்கள் ‘எஃகே’ என்கிறார்கள். நம் ஆய்தத்தை இவ்வளவு சுத்தமாக உச்சரிக்கும் ஆட்களை நான் தமிழ்நாட்டில் பார்த்ததில்லை. ஆனால் இங்கே அது தொண்டையைக் காறுவது போல முரட்டுத்தனமாக வருகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி – மாட்ரிட்

காலையில் ஊரைச் சுற்றிக் காட்டியவர், பல்லிடுக்கு ஒலிக்கு ஒரு கதை சொன்னார். பழைய ராஜா ஒருவருக்கு நாக்கு குழறுமாம். அவரை மகிழ்விக்க அரண்மனையில் எல்லோரும் அப்படியே பேச, அது நாடு முழுக்கப் பரவியதாம். கூட்டம் ரசித்தது. கதைதான், உண்மை இல்லை. ராஜாவுக்கு ‘ஸ’ வராமல் இருந்து எல்லோரும் அதைப் பின்பற்றியிருந்தால் மாட்ரிட்டில் ‘ஸ’வே இருக்கக் கூடாது. ஆனால் ‘சி, சென்யோர்’ என்று சொல்லும்போது இவர்கள் ‘ஸ’வைத் தெளிவாகத்தான் சொல்கிறார்கள், கொஞ்சம் ‘ஷ’ பக்கம் சாய்ந்த ‘ஸ’. இரண்டு ஒலி தனித்தனியாக இருந்தது, இங்கே அப்படியே நிலைத்தது. தெற்கிலும் அமெரிக்காவிலும் ஒன்றானது. விஷயம் அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினால் ஒரு லாபம் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு ‘வீடு’ம் ‘வேட்டை’யும் ஒரே ஒலி: காசா. ‘வேகவைப்பது’ம் ‘தைப்பது’ம் ஒரே ஒலி. ஈமெயில் எழுதும்போதெல்லாம் எந்த எழுத்து என்று தடுமாறுவேன். இங்கே காதால் கேட்டாலே எழுத்து தெரிந்துவிடுகிறது. நம் ஊரில் ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும் வாத்தியாரிடம் படித்த பிள்ளைக்கு எழுத்துப்பிழை குறைவதைப் போல.

மாலையில் திடீர் மழை. குடை இல்லை.

செப்டம்பர் 14, சனி – வயாதோலித்

காலை பத்து டிகிரி. அக்கா ஜெர்மனிக்காரி, அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு விரல் விறைத்தது. நேராக ஒரு சின்ன சாப்பாட்டுக் கடைக்குப் போய்ப் பூண்டு சூப் கேட்டோம். பழைய ரொட்டி, பூண்டு, சிவப்பு மிளகாய்ப் பொடி, மேலே உடைத்து ஊற்றிய முட்டை. மண் சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்தது. உறைப்பு குறைந்த பூண்டு ரசத்தில் ரொட்டி ஊறியது போல. இந்தப் பயணத்தில் குளிருக்குக் கிடைத்த மிக நல்ல சாப்பாடு இதுதான். இந்த ஊரின் பேர்போன பால்குடி ஆட்டுக்குட்டி வறுவல் இரண்டு பேருக்கு 45 யூரோவுக்கு மேல். வேண்டாம் என்று விட்டோம்.

இந்த ஊர்ப் பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இது முற்காலத்தில் அரசவை இருந்த ஊர். பழைய ஸ்பானிய நாவலாசிரியர் செர்வாந்தெஸ் குடியிருந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ‘ஸ்பெயினிலேயே நல்ல ஸ்பானியம் இங்கேதான்’ என்று நாடு முழுக்கச் சொல்வார்கள். காம்போ கிராந்தே பூங்காவில் மயில்கள் காலடியில் திரிகின்றன. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற தபால்காரர். ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து வைத்தது போல வந்தது. ஒரு சொல்லைக்கூட நான் திரும்பக் கேட்கவில்லை. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு உரையாடல் எனக்கு முதல் தடவை. கண்ணை மூடிக் கேட்டால் செய்தி வாசிப்பது போல இருந்தது. “நீங்கள்தான் நல்லா பேசுவீர்களாமே?” என்றேன். “அப்படித்தான் சொல்கிறார்கள். நாங்களும் நம்பிவிட்டோம்” என்றார்.

மதியம் காபி கடையில் பரிமாறிய பெண் என்னைப் பார்த்து, “லா போங்கோ ஓத்ரோ கஃபே?” என்றாள். ‘உங்களுக்கு இன்னொரு காபி தரட்டுமா?’ நான் அப்படியே நிமிர்ந்துவிட்டேன். அது ‘லே போங்கோ’ என்று இருக்க வேண்டும். ‘உங்களுக்கு’ என்பதில் ஆண் பெண் பேதம் கிடையாது, ‘லே’தான் என்று இலக்கணப் புத்தகம் சொல்கிறது. நான் ‘லா’ என்று எழுதினால் என் ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போடுவார். வயாதோலித்தில் எல்லோரும் வாய் நிறைய ‘லா’ என்கிறார்கள்! பிறகு கவனித்துப் பார்த்தேன். பக்கத்து மேசையில், தெருவில், மருந்துக் கடையில், எங்கும் ‘லா’. 1713 முதல் மாட்ரிட்டில் மொழிக்கென்று ஓர் அரசவைக் கழகம் இருக்கிறது. அது ஏற்காத வழக்கு இது. ‘தூய்மையான’ ஊரின் வாயில் பிழை என்று புத்தகம் சொல்லும் ஒன்று குடியிருக்கிறது, அதை யாரும் கேலி செய்வதில்லை. இதே ‘லா’வைத் தெற்கே ஒரு மீன்காரம்மா சொல்லியிருந்தால் படிக்காதவள் என்றிருப்பார்கள்.

எனக்குப் பிடித்ததா? கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. ஆனால் இந்த ஊர்க்காரர்களைப் போலப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 16, திங்கள் – செவியா

முப்பத்தாறு டிகிரி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அடுப்பைத் திறந்தது போல அனல்.

அறையின் சொந்தக்காரம்மா காலையில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். வாங்க, சாவி தருகிறேன், ‘அ லா தோ’ என்றது குரல். ‘அல் லாதோ’ என்றால் பக்கத்து வீடு. சரி, சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டரைக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். யாரும் இல்லை. மறுபக்கத்து வீட்டையும் தட்டினோம். ஒரு நாய் குரைத்தது. நிழலே இல்லாத சந்து. பெட்டி மேல் உட்கார்ந்தோம். தண்ணீர் தீர்ந்தது. ஒரு மணி வாக்கில் அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் கத்தினால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம்.

சரியாக இரண்டு மணிக்குச் சொந்தக்காரம்மா சைக்கிளில் வந்தார். எங்களைப் பார்த்து, “ஐ, மி ஆர்மா!” என்று பதறிவிட்டார். அவர் சொன்னது ‘அ லாஸ் தோஸ்’, இரண்டு மணிக்கு. இரண்டு சொல்லின் கடைசி ‘ஸ்’ஸும் உதிர்ந்து ‘அ லா தோ’ ஆகிவிட்டது. “பக்கத்து வீடு என்றால் நான் ‘அல் லாஓ’ என்று சொல்லியிருப்பேனே” என்றார். நடுவில் வரும் ‘த’வும் இங்கே கரைந்துவிடும். அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்: ‘தோ’வில் விழுந்தால் மணி, ‘லா’வில் விழுந்தால் வீடு. ஒன்றரை மணி நேர வெயில் எனக்கு இதைச் சொல்லித் தந்தது.

அவர் எங்களை உட்கார வைத்து, குளிரக் குளிரக் கஸ்பாச்சோ என்ற தக்காளிச் சூப் ஊற்றிக் கொடுத்தார். அக்கா மூன்று டம்ளர் குடித்தாள். அப்புறம்தான் பேசினாள்.

‘மி ஆர்மா’ என்பது ‘மி அல்மா’, என் உயிரே. ல் இருக்கும் இடத்தில் ர் வருகிறது. பந்தல் பந்தர் ஆவதும் சாம்பல் சாம்பர் ஆவதும் பள்ளியில் கடைப்போலி என்று படித்தோமே, அதே ல், ர். முன்பின் தெரியாத இரண்டு பேரை வாசலில் பார்த்ததும் ‘என் உயிரே’ என்று கூப்பிடும் ஊர் இது.

செப்டம்பர் 17, செவ்வாய் – செவியா

காலையில் பேராலயத்தை ஒட்டிய இந்திய ஆவணக் காப்பகம். இந்தியா என்றால் நாம் இல்லை, அமெரிக்காக்கள். 1503-ல் இந்த ஊரில்தான் அமெரிக்க வணிகத்துக்கான அலுவலகம் வைத்தார்கள். கடலுக்கு அப்பால் போகிற ஆளும் சரக்கும் இங்கே பதிவாக வேண்டும். ஆற்றுத் துறையில் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களின் காதில் இந்த ஊர்ப் பேச்சுதான் விழுந்தது. போனவர்களில் தெற்கத்திக்காரர்கள் ஏராளம். பல்லிடுக்கு ஒலி கப்பலேறவில்லை, ‘ஸ’ ஏறியது. என் ஆசிரியையின் ‘கிராசியாஸ்’ இந்த ஆற்றங்கரையிலிருந்து போனது. அப்படியென்றால் தெற்கே போனால் கஷ்டப்படுவீர்கள் என்று அவர் சொன்ன அந்தத் தெற்குதான் அவர் பேச்சின் தாய்வீடு. இதை நினைத்தபோது, வெயிலில் நின்றபடியே அவருக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் போலிருந்தது. அனுப்பினேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. பொகோட்டா, கித்தோ, மெக்சிகோ நகரம் போன்ற மலைமேல் ஊர்கள் கடைசி ‘ஸ்’ஸைக் காப்பாற்றிக்கொண்டன. கப்பல் வந்து போகும் அவானா, கார்தஹேனா போன்ற கரையோர ஊர்களில் அது செவியாவைப் போலவே உதிர்ந்தது. ‘எஸ்தே’ இங்கே ‘எஃதே’. ‘எஸ்பான்யா’ இங்கே ‘எஃபான்யா’. மாட்ரிட்டில் முரட்டுத்தனமாகக் கேட்ட அதே ஆய்தம் இங்கே மூச்சு விடுவது போல மெல்ல வருகிறது.

இரவு மொட்டை மாடியில் சொந்தக்காரம்மா எங்களோடு உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். இளவயதில் மாட்ரிட்டில் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போனாராம். முதல் வாக்கியத்தை முடிக்கும் முன்பே எதிரே இருந்தவர் சிரித்தாராம். கோபமான சிரிப்பு இல்லை, ஜோக் கேட்கத் தயாராகிறவரின் சிரிப்பு. டிவி தொடர்களில் வீட்டு வேலைக்காரி என்றால் இந்த ஊர் உச்சரிப்பைக் கொடுப்பது வெகுகாலப் பழக்கம். அந்த நாளிலிருந்து மாட்ரிட்டில் இருந்த நான்கு வருஷமும் ஒவ்வொரு ‘ஸ்’ஸையும் பிடித்துப் பிடித்துச் சொன்னாராம். “ராத்திரி வீட்டுக்கு வந்தால் தாடை வலிக்கும்” என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து சீட் பெண்ணிடம் “மனசிலாச்சா?” என்று கேட்டேன். நாகர்கோவிலில் அது சாதாரணச் சொல். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “மலையாளமா?” என்றார் ஒருவர். அதன் பிறகு இரண்டு மாதம் என் பேச்சின் இழுவை அந்த மாடி முழுக்கக் கேலியானது. இடைவேளையில் நான் பேசினால் அதே மாதிரி இழுத்து ஒருவர் பதில் சொல்வார். இன்றைக்கும் ஆபீசில் நான் ‘புரிஞ்சுதா’ என்றுதான் கேட்கிறேன். அக்காவிடம் பேசும்போது மட்டும் ‘மனசிலாச்சா’ வருகிறது. இதை ஸ்பானியத்தில் அவரிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் என் கையை விடவில்லை.

செப்டம்பர் 18, புதன் – காதிஸ் போகும் ரயிலில்

சமவெளி, பருத்தி வயல், அப்புறம் திராட்சைத் தோட்டம். லெப்ரிஹா என்ற நிலையத்தில் வண்டி நின்றது. எழுந்து ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். ஸ்பானியத்துக்கு முதல் இலக்கணம் எழுதிய நெப்ரிஹா பிறந்த ஊர். 1492-ல் சலமான்காவில் அது அச்சானது. மொழிக்குச் சட்டம் எழுதியவர் தெற்கத்திக்காரர்! வடக்கேதான் நல்ல மொழி என்கிறவர்களிடம் இந்தப் பலகையைக் காட்ட வேண்டும். பலகை வெயிலில் வெளுத்திருந்தது.

எதிர் சீட்டில் கிரனாதா ஊர் மாணவி. அவளிடம் ஒரு சந்தேகம் கேட்டேன்: “ஸ்பானியத்தில் பன்மைக்கு ‘ஸ்’தான் அடையாளம். அதை விழுங்கிவிட்டால் ஒன்றா பலவா என்று எப்படித் தெரியும்?” அவள் வாயைத் திறந்து காட்டினாள். ‘நீன்யா’ என்றால் ஒரு பெண் பிள்ளை. பல பிள்ளைகள் என்றால் ‘ஸ்’ வராது, கடைசி ‘ஆ’வில் வாய் இன்னும் அகலமாகத் திறக்கும். இரண்டையும் மாறி மாறிச் சொன்னாள். முதலில் ஒரே மாதிரி கேட்டது. ஐந்தாம் தடவை வித்தியாசம் பிடிபட்டது. அக்கா எனக்கு முன்பே பிடித்துவிட்டாள். செவியா, காதிஸ் பக்கம் இந்த ஏற்பாடு கிடையாது, அது தென் ஸ்பெயினான அந்தலூசியாவின் கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் உரியது என்று பெருமையாகச் சொன்னாள். விழுங்குகிறார்கள் என்று நாம் நினைத்த இடத்தில் இவ்வளவு நுணுக்கமான வேலை நடந்துகொண்டிருக்கிறது.

செப்டம்பர் 19–20, வியாழன், வெள்ளி – காதிஸ்

மூன்று பக்கமும் கடல். பழங்காலக் கடலோடிகளான பீனிசியர்கள் கட்டிய ஊர் என்பார்கள். ஆற்றில் பெரிய கப்பல்கள் ஏற முடியாமல் போனதும், 1717-ல் அந்த அமெரிக்க அலுவலகம் செவியாவிலிருந்து இங்கே வந்தது.

முதல் நாள் லெவாந்தே காற்று. கிழக்கேயிருந்து சூடாக, நிற்காமல் வீசுகிறது. கடற்கரையில் கால் வைத்ததும் மணல் முகத்தில் அறைந்தது. என் கண்ணாடியில் கீறல் விழுந்தது. போனின் சார்ஜர் துளைக்குள் மணல் போய், இரவு சார்ஜ் ஏறவில்லை. தங்கியிருந்த வீட்டுப் பையன் பல்குத்தும் குச்சியால் அரை மணி நேரம் நோண்டி எடுத்துக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். லெவாந்தே அடித்தால் ஊரே சிடுசிடுவென்று இருக்கும், நீங்கள் பார்ப்பது எங்கள் மோசமான முகம் என்றான். அதுவே இவ்வளவு நல்ல முகமாக இருந்தது.

மறுநாள் காற்று அடங்கியது. காலையில் மத்தியச் சந்தைக்குப் போனோம். வாசலிலேயே மீன் வாடை, பனிக்கட்டி, கூச்சல். நெத்திலி குவியல் குவியலாக. அக்கா நின்றுவிட்டாள். “ஏட்டி, இது நம்ம குளச்சல் சந்த மாதிரில்லா இருக்கு.”

உண்மைதான். அந்த விலை கூவும் ராகம் மேலே ஏறி, கடைசியில் சட்டென்று விழுகிறது. ஒரு மீன்காரம்மா மட்டும் எல்லா ‘ஸ’வையும் பல்லிடுக்கு ஒலியாகச் சொன்னார். மத்தி மீனை, அதாவது சார்தீனாவை, ‘தார்தீனா’ என்று. செவியாவுக்கு நேர் எதிர். இந்த மாகாணத்தில் அப்படிப் பேசும் ஊர்கள் சில உண்டு, ஊர் விட்டால் ஊர் மாறும். அவரிடம் அதைக் கேட்க ஆசைதான். ஆனால் பின்னால் வரிசை நின்றது, கேட்கவில்லை.

இங்கே ஒரு பலகாரம் உண்டு, தோர்தியீத்தா. கடலை மாவும் கோதுமை மாவும் தண்ணீராகக் கரைத்து, அதில் கூனி இறாலை ஓடோடு போட்டு, கொத்தமல்லி மாதிரி ஒரு கீரையை நறுக்கிச் சேர்த்து, எண்ணெயில் மெல்லிய வட்டமாக ஊற்றிப் பொரிக்கிறார்கள். வலை போல ஓட்டை ஓட்டையாக, ஓரம் கருகி, கடித்தால் கண்ணாடி உடைவது போல நொறுங்கும். ஒன்று 2 யூரோ. நாங்கள் எட்டு தின்றோம். பக்கத்துப் பொரிப்புக் கடையில் சுறா. வினிகரிலும் பூண்டிலும் சீரகத்திலும் ஊறவைத்துப் பொரித்தது. சீரக வாசம் வந்ததும் அக்கா கண் கலங்கிவிட்டாள். ஐந்து வருஷமாக அவள் ஊருக்கு வரவில்லை.

மாலையில் லா கலேத்தா. இரண்டு பழைய கோட்டைகளுக்கு நடுவே சின்னக் கடற்கரை, குட்டிக் குட்டிப் படகுகள். சுவரில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த நாலைந்து கிழவர்கள் ஒருவரை ஒருவர் ‘கீயோ’, ‘பீஷா’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். முதலாவது ‘சின்னப் பயலே’ என்பதன் சுருக்கம். இரண்டாவதன் நேர்பொருளை எழுத முடியாது. ஆனால் இந்த ஊரில் அது நம் ‘மக்கா’தான். எழுபது வயதுக்காரர் எண்பது வயதுக்காரரைக் கூப்பிடும்போது அதில் இருந்த பாசம் அப்படி.

முதல் நாள் இவர்கள் பேசியது எனக்குக் காற்றோடு கலந்த ஓசை. இரண்டாம் நாள் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று எல்லாம் கேட்டது. தனித்தனிச் சொல்லாக இல்லை, பேச்சாகக் கேட்டது. எந்த இடத்தில் எது உதிரும் என்று காதுக்குத் தெரிந்துவிட்டால், உதிர்ந்ததையும் சேர்த்தே கேட்கிறது. ஒரு கிழவர் மருமகள் பண்ணும் சோற்றைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார், இன்னொருவர் “உன் பெண்டாட்டி சோற்றை மறந்துட்டியா பீஷா” என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் எங்களுக்கும் சுவரில் இடம் விட்டார்கள்.

எனக்குப் பிடித்த ஸ்பானியம் இதுதான். யாராவது கேட்டால் இனி காதிஸ் என்றுதான் சொல்வேன். காரணம் கேட்டால் அந்த ராகம், அந்த விரைவு. பேசும்போதே சிரிப்புக்குத் தயாராக இருக்கும் வாய். எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாத பேச்சு. பிப்ரவரியில் இங்கே கார்னிவல், தெருவெல்லாம் கேலிப் பாட்டுக் குழுக்கள். அதற்கு ஒருமுறை வர வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு – லா லகூனா, தெனெரீஃபே

கனாரித் தீவுகள். ஆப்பிரிக்காவுக்குப் பக்கம், ஆனால் ஸ்பெயின். கீழே கடற்கரையில் வெயில். மேலே இந்த ஊரில் பனிமூட்டம், தூறல். ஓர் உடுப்பு வாங்க வேண்டியதாயிற்று, 18 யூரோ.

பஸ் நிறுத்தம் எங்கே என்று கேட்டேன். “குவாகுவாவா, மி நீன்யா?” என்றார் கடைக்காரம்மா. இங்கே பஸ்ஸுக்கு அதுதான் பெயர், கியூபாவிலும் அதுதான். எனக்கு வரும் சிலே அழைப்புகளில் குவாகுவா என்றால் கைக்குழந்தை. குவாகுவாவில் ஏறுங்கள் என்று அவர் சொன்னபோது ஒரு நொடி திகைத்துத்தான் போனேன்.

இந்தப் பேச்சு என் காதுக்கு ஓய்வு. மெதுவாக, வட்டமாக, தாலாட்டு போல. உருளைக்கிழங்குக்கு ‘பாப்பா’ என்கிறார்கள், அமெரிக்காவில் சொல்வது போலவே. பலரைச் சேர்த்து அழைக்கும்போது மாட்ரிட்டின் ‘போசோத்ரோஸ்’ கிடையாது, நான் படித்த ‘உஸ்தேதெஸ்’தான். இங்கிருந்து கியூபாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கப் போனார்கள், பலர் திரும்பியும் வந்தார்கள். வெனிசுவேலாவை எட்டாவது தீவு என்று சொல்வதுண்டு. சிற்றுண்டிக் கடைகளில் வெனிசுவேலாவின் சோள ரொட்டியான அரெப்பா கிடைக்கிறது. அடுத்த மேசையில் பேசுகிறவர் தீவுக்காரரா கராகஸ்காரரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு உப்புத் தண்ணீரில் வற்றும்வரை வேகவைத்து, தோல் சுருங்கி உப்புப் பூத்ததும் தருகிறார்கள். கூடவே ஒரு பச்சைச் சட்னி. தொட்டுச் சாப்பிட்டதும் அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூண்டு போட்ட கொத்தமல்லிச் சட்னி. வறுத்த தானிய மாவு ஒன்றும் உண்டு, கோஃபியோ. பாலில் கரைத்துக் குடிப்பார்கள். நம் சத்துமாவு வாசம். இரண்டு பேருக்குமாக 14 யூரோ ஆனது.

கிளம்பும்போது கடைக்காரம்மா ஒரு பொட்டலம் கோஃபியோவை அக்கா பையில் திணித்து, “வீட்டுக்குக் கொண்டுபோ, மி நீன்யா” என்றார். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. நான் நன்றி சொல்ல வாயெடுக்கும் முன் அவளே சொன்னாள். மாட்ரிட்டில் அவள் பிடித்த ‘கிராத்யாஸ்’ இல்லை. இந்த ஊர்க்காரர்களுடையதும் இல்லை. ‘கிராசியா’ என்று, கடைசி ‘ஸ்’ இல்லாமல், மேலே ஏறிச் சட்டென்று விழும் அந்தச் சந்தை ராகத்தில்.

கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “உங்க அக்கா காதிஸ்ல இருந்தாங்களா?”